அம்மன் தட்டில் போன ஹூடி

எங்கள் தோட்டத்து லய வரிசையில் என் அறைக்கு அடுத்த காம்பராவில் இருப்பவள் கோசலா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்தான். ஆனால் டிக்கோயாவுக்கு மேலே இந்த மலையில் அவளைத் தெரியாத இளவட்டம் கிடையாது. வெளிநாட்டுக் கடைகளில் ஆன்லைனில் உடுப்பு எடுத்துக் கொடுப்பாள். தொளதொள கால்சட்டை, முட்டிவரை தொங்கும் டீசேர்ட், தொப்பி வைத்த ஹூடி, எல்லாம் அவள் போனில்தான் வரும். ஹட்டன் கடையில் ஒன்று வாங்கும் காசுக்கு இதில் இரண்டு எடுக்கலாம் என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

கூடைக் கயிற்றால் வந்தவனின் மார்பை அளப்பாள். பிறகு போனைக் காட்டுவாள்.

"கடைக்காரன் போட்ட படத்த பாக்காதடா. அதுல நிக்கிறவன் ஆறடி. கீழ வாங்குனவங்க போட்ட படத்த பாரு. ஒன்னாட்டம் ஒடிசலா ஒருத்தன் நிப்பான்."

"நான் ஒடிசலாக்கா?"

"காத்தடிச்சா கங்காணி ஒன்ன தேடணும். ரெண்டு சைஸ் கூட போடு. அவங்க ஊருல பெரிசுன்னா நம்ம ஊருல சின்னது."

விலை இறங்கும்வரை பொருளை வாங்காமல் போனில் குறித்து வைத்துக் காத்திருப்பாள். அவசரப்பட்டு அவள் எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் போன மாசம் அவசரப்பட்டாள். மகள் நிலக்ஷிக்காக.

நிலக்ஷிக்கு இருபது வயது. போன வருஷம் சுடுதண்ணிப் பானை கவிழ்ந்து காதுக்குக் கீழேயிருந்து தோள்வரை வெந்துவிட்டது. புண் ஆறியது. ஆனால் தோல் சுருங்கி, கழுத்தே வேறு மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாசல் இஸ்தோப்பைத் தாண்டவில்லை. கோவிலுக்கும் வரவில்லை. ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்பில் இடம் கிடைத்தும் போகமாட்டேன் என்றாள். ஒரு நாள் அம்மாவின் போனில் ஒரு கறுப்பு ஹூடியைக் காட்டி, "இது இருந்தா போறேன்மா. கழுத்து தெரியாது" என்றாள். ஒரு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். திருவிழா முடிந்த திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. கோசலா விலை இறங்கக் காத்திருக்கவில்லை.

லயத்துக் காம்பராவுக்கு நம்பர் கிடையாது. தபாலெல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் உண்டு. பார்சல் அங்கே போனால் கிடையாய்க் கிடக்கும். அதனால் கோசலா விலாசத்தில் மாரியம்மன் கோவிலை எழுதி, அதற்குக் கீழே தன் பேரைப் போடுவாள். தபால்காரர் பூசாரி வீரய்யாவிடம் கொடுப்பார். அவர் மேலே அனுப்புவார். இதுவரை ஒன்றும் தவறவில்லை.

ஆனால் இது திருவிழா நேரம். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் நம் ஆட்கள் அம்மனுக்குச் சேலை அனுப்புகிற நேரம். மழையில் நனைந்து வந்த பார்சலில் பேர் அழிந்து, கோவில் பேர் மட்டும் மிச்சமிருந்தது. வீரய்யா பிரித்து, கறுப்புத் துணியைப் பார்த்து யோசித்திருக்கிறார். யார் வேண்டுதலோ என்று சேலைகளோடு தட்டில் வைத்துத் தீபம் காட்டிவிட்டார்.

கோசலா விஷயம் தெரிந்து ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"பூசாரியண்ணே, அது என் மகளுக்கு வந்தது."

வீரய்யா நெற்றியில் அடித்துக்கொண்டார். "தாயே! தீபம் காட்டிட்டனேம்மா. அவ காலடிக்குப் போனத நான் எப்படி எடுத்துத் தாறது? ஏலத்துல எடுத்துக்க."

அம்மன் காலடிக்குப் போனது ஏலத்தில்தான் வெளியே வரும். இது எங்கள் வழக்கம். கோசலாவும் சாமிக்குப் பயந்தவள். அதற்குமேல் பேசவில்லை. அம்மன்மேல் குறை சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனாலும் அன்றைக்கு மனசு கிடந்து தவித்தது.

மஞ்சள் நீராட்டு முடிந்து ஏலம் தொடங்கியது. கமிட்டித் தலைவர் மயில்வாகனம் மைக்கைப் பிடித்தார். சேலைகள் போயின. ஹூடியை அவர் தூக்கிப் பிடித்ததும் கூட்டம் சிரித்தது.

"ஆத்தாளுக்கும் குளிருதுடோய்!"

கோசலா முதல் ஆளாகக் கேட்டாள். கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் திருவிழாவுக்கு வந்திருந்த பிரதாப் கூட்டிக் கேட்டான். நல்ல பிள்ளைதான், கோசலாவிடமே உடுப்பு எடுத்தவன். அவனுக்கு விஷயம் தெரியாது. அத்தனை பேர் முன்னால் மகளின் கழுத்தைப் பற்றி எப்படிச் சொல்வாள்? அவள் ஏற்ற ஏற்ற அவனும் ஏற்றினான்.

"என்னக்கா, ஹூடி போட்டுக்கிட்டா கொழுந்தெடுக்கப் போறீங்க?" என்றான்.

சிரிப்பு ஒலிபெருக்கியில் மலை முழுக்கக் கேட்டது. கோசலா தன் காதுத் தோட்டைக் கழற்றப் போனாள். "காசுக்கு இந்தத் தோட்ட வச்சுக்கங்க" என்றாள். அதுவும் மைக்கில் கேட்டது.

அப்போதுதான் கூட்டம் விலகியது. நிலக்ஷி வந்துகொண்டிருந்தாள். வீட்டுச் சட்டையோடு, கழுத்தில் ஒன்றும் சுற்றாமல், ஒலிபெருக்கியில் கேட்டதும் கேட்காததுமாக ஓடி வந்திருக்கிறாள். சிரிப்பு நின்றது. ஒரு குழந்தை மட்டும், "அம்மா, அந்த அக்கா கழுத்துல என்னா?" என்று கேட்டது.

நிலக்ஷி அம்மாவின் கையைப் பிடித்தாள். "வாம்மா. தோட்ட கழட்டாத. வீட்டுக்குப் போவோம்."

மயில்வாகனம் மைக்கை இறக்கிவிட்டார். பிரதாப்புக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தான் ஏலம் கேட்ட காசைத் தட்டில் போட்டு, ஹூடியை வாங்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினான்.

"தங்கச்சி, சத்தியமா தெரியாது. இந்தா, எடுத்துக்க."

"வேணாம்ண்ணே. நீங்களே போடுங்க. இனி எதுக்கு? எல்லாரும்தான் பாத்துட்டாங்களே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். பஸ்ஸில் வெந்த பக்கம் கண்ணாடியோரமாக இருக்கும்படி உட்கார்ந்தாள். கோசலா பெரட்டுக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினாள். பகல் முழுக்க ரோட்டைப் பார்த்துக்கொண்டே பறித்ததில், கங்காணி கூடையைக் கிளறி முற்றல் இலையை அள்ளிக் காட்டினார்.

பின்னேரம் நிலக்ஷி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்போரம் குந்தினாள். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரு பலகைதான். பேச்சு கேட்கும்.

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள் கோசலா.

"ஒருத்தரும் கேக்கல. பக்கத்துலயும் யாரும் உக்காரல."

கோசலா தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கும் போகணுமாம்மா?"

"ரொட்டி ஆறுது, மொதல்ல சாப்பிடு" என்றாள் கோசலா.