வாய்க்காலில் இறங்கியவர்களும் சவரிமுத்து முன்சீப்பும்

கம்பத்திலிருந்து போடிக்கு வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்கவில்லை. என் வாசலில் நின்று, "முன்சீப் போயிட்டாகய்யா" என்றார். கிராம முன்சீப் சவரிமுத்துவின் கீழ்க் கணக்குப்பிள்ளையாக இருந்து, அவரோடு சண்டை போட்டே காலம் கழித்தவன் நான். இனி யாரோடு சண்டை போடுவேன்? அவரை அறிந்த நீங்களாவது என் துக்கத்தை நம்புவீர்கள்.

மலைமேல் அணை வேலை தொடங்கிய சமயம். திருவிதாங்கூர்ச் சீமையில் மலை சரிந்து வீடிழந்த சில குடும்பங்கள், அனுமதிச் சீட்டில்லாமல் கணவாய் இறங்கி எங்கள் ஆற்றங்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டன. அப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு இருந்தது. நிலக்காரர்களுக்கோ அரைக்கூலிக்கு ஆள் கிடைத்த கொண்டாட்டம். வேலை போன உள்ளூர்க் கூலிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். வந்தவர்களை மலையேற்றி அனுப்பிவிடும் என்று நான் முன்சீப்பை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். "உத்தரவுக்குப் பசிக்காதுய்யா, கணக்குப்பிள்ளை" என்பார்.

எங்கள் வாய்க்காலில் வருஷத்துக்கொருமுறை வீட்டுக்கு ஓராள் இறங்கித் தூர்வார வேண்டும். வாரிய வீட்டுக்குத்தான் தண்ணீரில் உரிமை. அது தெரியாமல், ஊருக்கு ஒத்தாசை செய்தால் நல்ல பெயர் கிடைக்குமென்று எண்ணி, வந்தவர்களும் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்கள். அவ்வளவுதான்.

"ஏலே, கூலியப் புடுங்கினது பத்தாதா? இப்பத் தண்ணியிலயும் பங்கா? ஏறுங்கலே மேல!" என்று கூலிக்காரர் கருப்பணன் மண்வெட்டியை ஓங்கினார். எதிரே நின்றவள் வந்தவர்களில் ஒருத்தியான அன்னம்மா, கைக்குழந்தைக்காரி. அவள் ஓரடி நகரவில்லை. நகர்ந்து எங்கே போவாள்?

முன்சீப் சேற்றில் இறங்கி இருவருக்கும் நடுவில் நின்றார்.

"கருப்பணா, ஓங்குனத எம்மேல போடு. இல்லேன்னா நாஞ் சொல்றதக் கேளு. எறங்குனவுக இருக்கட்டும். வருசாவருசம் தூர்வாரட்டும். உனக்கு என்ன கூலியோ அதான் அவுகளுக்கும். அரைக்கூலி குடுக்குறவுக வயலுக்கு மடை திறக்காது. இன்னையிலருந்து சீட்டில்லாம ஒருத்தரும் மலையெறங்கக் கூடாது. தாசில்தாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கருப்பணன் மண்வெட்டியை இறக்கினார், முணுமுணுப்பை இறக்கவில்லை. நிலக்காரர்கள் வைதார்கள். நானும் வைதேன். முன்சீப் பெரியகுளத்துக்கு நடையாய் நடந்து தாசில்தாரின் சம்மதத்தையும் வாங்கிவிட்டார்.

அந்த வாரமே அன்னம்மாவின் தம்பி சீட்டில்லாமல் வந்து சேர்ந்தான். உத்தரவு உத்தரவு என்று குதித்த நானே, "ஒருத்தன்தானே, விட்டுவிடும்" என்றேன்.

"ஒருத்தனுக்கு விட்டா ஊருக்குக் குடுத்த வாக்கு என்னாகும்? கருப்பணன் மறுபடி மம்பட்டியத் தூக்குவான். அப்ப இருக்குறவுகளும் போகணும்" என்றார். அன்னம்மா காலில் விழுந்து அழுதாள். முன்சீப் தாமே அவனைக் கணவாய்வரை கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. அன்னம்மா அதன்பின் அவரோடு பேசவே இல்லை.

முன்சீப்பின் அடக்கத்துக்கு அவள் வந்திருந்தாள். குழியோரம் நின்று, "என்னய இருக்கச் சொன்னதும் இவுகதான். எந்தம்பியப் போகச் சொன்னதும் இவுகதான்" என்றாள். கையில் அள்ளிய மண்ணை வெகுநேரம் வைத்திருந்து, பிறகு போட்டாள்.

முன்சீப்பிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவள் சொன்ன அந்த இரண்டும்தான். இனி எந்த வழக்கில் நியாயம் சொல்ல வாய் திறந்தாலும், அதில் திருப்பி அனுப்பப்படும் தம்பி யாரென்று முதலில் தேடிப் பார்ப்பேன்.