ஒசாகா மாப்பிள்ளை

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பக்கத்து ஆட்கள் நிஜ ஜப்பானைப் பற்றிக் கேட்பதை விட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில், அச்சு மிஷின் வேலை பழக ஒசாகாவுக்குக் கம்பெனி செலவில் போய்வந்த ஒருவர், ஆமத்தூருக்கு எங்கள் சித்தியைப் பெண் பார்க்க வந்தார். கட்டினால் அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி ஒசாகா போவார் என்று பேச்சு. காலையிலிருந்தே வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சின்னப்பிள்ளை எனக்கு என்றைக்குமே இருப்புக் கொள்ளாது, அது வேறு.

தாத்தா இல்லாத வீடு. பருத்தியும் கம்பும் போடும் பெரிய மாமாதான் எல்லாம். ஊர் என்றால் அவருக்கு முதலில் மண், அப்புறம் மழை. "அங்கன வெள்ளாமை என்ன தம்பி?" என்று ஆரம்பித்தார். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே ஆறும் வாய்க்காலுமாக ஓடும், ஆனால் ஊருக்குள் வயலே கிடையாது, எல்லாம் பஞ்சாலை, இரும்பாலை, கப்பல் பட்டறை என்றார் மாப்பிள்ளை. அம்புட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு விதைக்காத ஊரை மாமாவால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்து ரயில். ஊரை வட்டமாகச் சுற்றி ஒரு ரயில் ஓடுகிறதாம். ஏறி உட்கார்ந்தால் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடுமாம். காலைக் கூட்டத்தை உள்ளே தள்ளிக் கதவடைக்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டாம்.

"பொறப்பட்ட எடத்துக்கே வாறதுக்கு என்னத்துக்கு டிக்கெட்டு? செக்குமாடு சும்மாதானே சுத்துது!" என்றார் மாமா. மாப்பிள்ளை உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

குனிந்த தலை நிமிராமல் காப்பி கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்ற சித்தி மட்டும் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து, "ஏ புள்ள, அந்த ரயில்ல பொம்பளைக தனியா ஏறுவாகளான்னு நீ கேக்குறாப்புல கேளு" என்று தள்ளிவிட்டாள். நான் ஓடிப்போய், ரயிலுக்குள் முறுக்கு விற்பார்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்கு அதுதானே முக்கியம். சித்தி நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்புறம், ஐயோ, அவளே கேட்டுவிட்டாள், கூடத்துக்கே கேட்கும்படி.

சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏறுவாக. வேலைக்கே தனியாத்தான் போவாக, வருவாக" என்றார் மாப்பிள்ளை. அவருடைய அம்மா வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்தாள். பூ வைக்காமலே எழுந்துவிட்டார்கள். "பொண்ணுக்கு இப்பவே தனியாப் போகணுமாம்ல" என்று வாசலில் அவள் சொன்னது அடுப்படி வரை கேட்டது. மாமா சித்தியை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தார், என் அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். சம்பந்தம் அதோடு போயிற்று. மறு வருஷம் மாமா தன் மனசுப்படி மண்ணும் மழையும் பார்த்து மல்லாங்கிணற்றில் சித்தியைக் கட்டிக்கொடுத்தது பின்கதை.

அன்றைக்குச் சித்தி அழவில்லை. சாயங்காலம் கோழி அடைக்கிற சாக்கில் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "அவுக எப்பிடிச் சொன்னாக? சொல்லேன் தாயி" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாம்தான் கதவுக்குப் பின்னால் அவளுக்கே கேட்டதே, இவளுக்கென்ன காது செவிடா என்று எனக்கு எரிச்சல். 'ஏறுவாக' என்றபோது அவர் அந்தக் கதவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் கண்டேன். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. வட்டமாச் சுத்தும் சித்தி, ஆளைத் தள்ளி ஏத்துவாக சித்தி என்று ரயிலைப் பற்றியே இருட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.