ஈயத்தாள் காற்று

சின்னராசாவின் பலூன்கள் ஓர் ஆட்டையே றொசல்ல ஸ்டேசனுக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போயின. ரயிலுக்குக் காத்திருந்தவர்களை அது உயரத்திலிருந்து பார்த்துக் கத்தியது. சரி, இது கொஞ்சம் அதிகம்தான். ஆடு பறக்கவில்லை. பலூன் கட்டின கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ள, மிரண்டுபோய்ச் சாக்கடைக் கானைத் தாண்டிக் குதித்தது, அவ்வளவே. ஆனால் குதித்தபோது நாலு காலும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. அன்றிலிருந்து தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் சின்னராசாவுக்கு ஆடு பறக்கவிட்டவர் என்று பெயர்.

அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும். பிடிக்காதது அந்தத் தொழில்தான்.

அவர் தேடிப் போன தொழிலும் அல்ல அது. இளவயதிலேயே ஸ்டோருக்குள் போனவர் அவர். தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாள் விரிப்பது அவர் வேலை. தாள் கசங்கக் கூடாது, மூலையில் இடைவெளி விழக் கூடாது. விழுந்தால் கப்பலில் போகிற தேயிலை கடலின் ஈரத்தைக் குடித்துவிடும். பேர்தான் ஈயத்தாள், உண்மையில் அது அலுமினியம். சின்னராசா விரித்த பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலை சீவலாம் என்று பெட்டியடிக்கிறவர்கள் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. காகித மூட்டைகள் வந்தன. பெட்டி போயிற்று, பெட்டியோடு ஈயத்தாள் போயிற்று, ஈயத்தாளோடு சின்னராசாவும் வெளியே வந்தார். யாருக்கும் வேண்டாத மிச்சத் தாள்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தார். இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று மனைவி பேச்சியம்மா கேட்டாள்.

பதில் ஏப்ரலில் கிடைத்தது. நுவரெலியா சீசனுக்குக் கூலிக்குப் போனவர், ஏரிக்கரையில் பலூன் விற்ற ஒரு சிங்களக் கிழவரிடம் உதவிக்கு நின்றார். கிழவர் ஓர் இரும்பு உருளைக்குள் கோஸ்டிக் சோடாவும் தண்ணீரும் விட்டு, பழைய அலுமினியச் சட்டித் துண்டுகளைப் போட்டு மூடினார். உள்ளே கொதித்தது. உருளையின் வாயில் குழாய் வைத்தால் காற்று வந்து பலூனில் ஏறியது. ஊதுகிற பலூன் காலடியில் உருளும். இது கையை விட்டால் ஏரியைத் தாண்டிப் போனது. சின்னராசாவுக்குத் தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற சாக்கு நினைவுக்கு வந்தது.

அப்படித்தான் ஆரம்பமானது. வட்டவளை, பூண்டுலோயா, வலப்பனை என்று எங்கே திருவிழாவோ அங்கே சின்னராசா. யுத்த காலம். ஒரு தமிழன் இரும்பு உருளையும் சாக்கும் தூக்கிக்கொண்டு போனால் யார் சும்மா விடுவார்கள்? அட்டன் சோதனைச் சாவடியில் பிடித்து நிறுத்தி, மே மொகத, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். பெலூன் மாத்தயா, பலூன் ஐயா என்றார். நம்பவில்லை. அங்கேயே சரக்குப் போட்டு, ஒரு ரோசாப்பூ நிறப் பலூனை ஊதிக் காட்டினார். சிப்பாய்கள் பத்தடி பின்னால் போய் நின்றார்கள். பிறகு ஒருத்தன் வந்து அதை வாங்கி மணல் மூட்டையில் கட்டி வைத்தான். சாவடிக்குக் கலியாண வீட்டுக் களை வந்துவிட்டது என்று சின்னராசா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்க முடியாத கதை பூண்டுலோயாவில் நடந்தது. உருளை எப்போதையும் விடச் சூடாகி, மூடி பிய்த்துக்கொண்டு போய் எதிரே இருந்த வெற்றிலைக் கடைத் தகரத்தைத் துளைத்தது. கடைக்காரர் அப்போதுதான் தேத்தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். அதற்குப் பிறகு சின்னராசாவுக்கு ஒவ்வொரு முறை மூடியைத் திருகும்போதும் அந்தக் காலி நாற்காலி கண்ணில் வந்து நின்றது. பேச்சியம்மாவிடம் மட்டும் சொன்னார். “வேற ஏதாவது ஒரு வேலை கெடைச்சா இந்தச் சனியனக் கானுக்குள்ள தள்ளிப்புடுவேன்.”

வேறு வேலை ஒன்று இருக்கத்தான் செய்தது. ஸ்டோருக்கு இரவுக் காவல் இருக்கிற வாச்சர் ஓய்வு பெறப் போகிறார், தோட்ட நிர்வாகியான துரையிடம் யார் பேரைச் சொல்வது என்று தலைவர் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று தோட்டமே பேசியது. தலைவர் என்றால் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர் ஜெயகாந்தன். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். அந்த வருஷம் தேர்த் திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பகல், கற்பூரம் எரிகிற கோயிலில் சின்னராசாவின் பலூனைத் தடுப்பதா வேண்டாமா என்று பேசக் கமிட்டி கூடியது. சின்னராசாவும் போனார். தொழிலைக் காப்பாற்றப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் போனது வேறு ஒன்றுக்கு. தடுங்கள், நான் விட்டுவிடுகிறேன், எனக்கு வாச்சர் வேலையை வாங்கித் தாருங்கள். இவ்வளவுதான் அவர் மனசில் கட்டிக்கொண்டு போன பேச்சு.

கூட்டம் நடந்தது பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. பெரிய மனுசர்களெல்லாம் முழங்கால் முகவாயில் முட்ட, சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னராசா நிலைக்கதவோரம் நின்றார். பேச்சியம்மா வெளியே வாசற்படியில்.

சின்னராசாவுக்காகப் பேச ஒருவர் வந்திருந்தார். துரைராசா மாஸ்டர். அட்டனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தால் சோப்பும் பற்றரியும் உரமும் தடைசெய்யப்பட்ட ஊரிலிருந்து, வெளியேறப் பாஸ் எடுத்து, காத்துக் கிடந்து வந்தவர். தடை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மூக்கு சிவக்கும். வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்புகிற தடித்த புத்தகங்களைப் படித்து, மனிதன் தனக்குத் தானே சொந்தக்காரன், அரசாங்கமோ சங்கமோ கோயிலோ அவனுக்கு மேலே இல்லை என்று முடிவுக்கு வந்திருந்தார். சின்னராசாவின் பலூனில் இருப்பது ஐதரசன் என்கிற தீப்பிடிக்கும் காற்று என்று அவருக்கு முதலில் சொன்னவரும் மாஸ்டர்தான். தீப்பிடிக்காத காற்று ஒன்று உண்டு, ஈலியம் என்று பெயர், ஆனால் அது நம் கைக்கு எட்டாது என்றும் சொல்லியிருந்தார்.

மாஸ்டர் எழுந்தார். சின்ன வாங்கு அவரோடு சேர்ந்து எழுந்து பிறகு விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

“விக்கிறவர் விரும்பி விக்கிறார், வாங்கிறவர் விரும்பி வாங்கிறார். இடையில நிண்டு வேண்டாம் எண்டு சொல்லக் கமிட்டி ஆர்? இந்த மனுசன்ர கையும் உழைப்பும் இந்த மனுசனுக்குத்தான் சொந்தம்.”

ஜெயகாந்தன் லேசுப்பட்டவர் அல்ல. துரைமாரோடு வாதாடி வாதாடிக் கூர்மையான நாக்கு.

“சரிங்க சேர். விக்கிறவன் சம்மதிச்சான், வாங்குறவன் சம்மதிச்சான். பக்கத்துல கற்பூரத் தட்டோட நிக்கிறாளே ஒருத்தி, அவகிட்ட யாரு சம்மதம் கேட்டா?”

நல்ல கேள்விதான் என்று மாஸ்டர் ஒத்துக்கொண்டார். ஆனால் தீங்கு நடக்கட்டும், நடந்தால் செய்தவர் நட்டஈடு கொடுக்கட்டும், நடக்காத குற்றத்துக்கு முன்கூட்டியே தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். அதைத்தான் தன் ஊரில் வருஷக்கணக்காகச் செய்தார்கள் என்றார். பற்றரி வைத்திருந்தால் குண்டு செய்வாய், ஆகவே உனக்கு வானொலியும் இல்லை.

“நட்டஈடு குடுக்க அவன்கிட்ட என்னங்க இருக்கு?” என்றார் ஜெயகாந்தன். “இருக்கற காம்பராகூடத் தோட்டத்துது.”

இப்படி ஏறியும் இறங்கியும் வாதம் போயிற்று. கொழும்பில் பெரிய மேடையில் நடந்திருக்க வேண்டியது, தொட்டில் கயிறுகளுக்குக் கீழே நடந்தது. சின்னராசா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார். தன்னைப் பற்றி இத்தனை பெரிய வார்த்தைகளில் யாரும் பேசி அவர் கேட்டதில்லை. துரை பேசியதில்லை, வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பேசியதில்லை, சங்கமும் பேசியதில்லை. இந்த மனுசன் எனக்காக இப்படிப் பேசுகிறபோது, எனக்கு இந்தச் சுதந்திரம் வேண்டாம், வாச்சர் வேலைதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வந்த பேச்சு தொண்டை வரை வந்தது, வந்ததோடு சரி என்றுதான் பின்னாளில் சின்னராசா நம்பினார்.

முடிவில் மாஸ்டர் ஒரு வழி சொன்னார். தடை வேண்டாம். இது தீப்பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பலகை எழுதித் தொங்கவிடட்டும். தெரிந்து வாங்குகிறவன் பொறுப்பு அவனுடையது. கமிட்டி ஒத்துக்கொண்டது. அடுத்த வாரம் வாச்சர் வேலை கீழ்க்கணக்கு வீரய்யாவுக்குப் போயிற்று. அவர் ராத்திரியில் இருமுவார், அதனால் கள்வன் வரமாட்டான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

வாதத்தில் இறங்கி வந்த ஜெயகாந்தன் மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. சின்னராசாவைக் கூப்பிட்டு, இனி உன் பலூன் கோயிலுக்கு அந்நியம் இல்லை, இந்த வருஷம் தேர் ஜோடனையை நீயே செய் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் பேர் வரும். தேர் ஜோடனை, மேல்கணக்கு சின்னராசா குடும்பத்தார் உபயம். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பேர்ப்பதிவில் மட்டுமே பேர் கேட்ட ஒருவர், சாமிக்கு முன்னால் தன் பேர் வாசிக்கப்படுவதை வேண்டாம் என்று சொல்வாரா? சின்னராசா சொல்லவில்லை.

கவனமாகத்தான் செய்தார். பலூன்களைக் கொத்தாகக் கட்டித் தேர் உச்சியில், கலசத்துக்கும் மேலே நிறுத்தினார். இந்தக் காற்று மேலேயே போகும், தீபமோ கீழே இருக்கும். தேர் விளக்குகளும் மின்விளக்குகளே. பலகையையும் தன் கடையில் தொங்கவிட்டார்.

கடையில் வாங்குகிற பலூனுக்கு ஆயுசு கொஞ்ச நேரந்தான். பிள்ளை வீட்டுக்குப் போவதற்குள் வெடிக்கும் அல்லது பறந்துவிடும். மத்தியானத்திலிருந்து ஒரு பலூனை நிறுத்திவைத்து அவர் பார்த்ததே இல்லை. தேரோ ஒவ்வொரு லயமாக நின்று போகிறது. ஒவ்வொரு வாசலிலும் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, திருநீறு வாங்கி அனுப்புவார்கள். நாலாவது லயத்தைத் தாண்டும்போது, பொழுது சாயுமுன்பே பனி இறங்கியது. ரப்பர் வழியாகக் காற்று கசிந்து, மேலே ஈரம் படிந்து, பலூன்கள் சோர்ந்தன. உச்சியிலிருந்த கொத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, கலசத்தைத் தாண்டி, சீலைத் திரையைத் தாண்டி, ஆட்கள் நிற்கிற உயரத்துக்குத் தொங்கியது. தூக்கிக் கட்ட ஏணி இல்லை. நிறுத்துங்கள் என்று சின்னராசா சொன்னது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசி லயத்தில் வேலாயி என்கிற முதியவள் தட்டை உயர்த்தினாள். சாமிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நிறையவே கற்பூரம் வைத்திருந்தாள். சின்னராசா பாய்ந்து, தட்டுக்கும் கொத்துக்கும் நடுவில் புகுந்து, பலூன்களைப் பிள்ளையை அணைக்கிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்துத் தன் பக்கம் இழுத்தார். ஒரு பொறி முந்திக்கொண்டது. பெரிய சத்தம் கேட்டது. புகை இல்லை, சுவாலை என்று சொல்லவும் பெரிதாக எதையும் பார்த்தவர் இல்லை. பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியவில்லை. சின்னராசாவின் கையில் உருகி ஒட்டிய ரப்பரைப் பார்த்த பிறகுதான் தீ வந்து போனதே தெரிந்தது.

வேலாயிக்கு ஒன்றும் ஆகவில்லை. தேருக்கும் ஆகவில்லை. சின்னராசாவின் கருகின இமைமயிர் வளர்ந்தது, புருவம் வளர்ந்தது. விரல்கள்தான் உள்பக்கம் மடிந்தவை மடிந்தபடியே நின்றுவிட்டன. ஈயத்தாளின் மூலையை மடிப்புத் தெரியாமல் நீவிய விரல்கள் அவை.

துரைராசா மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போகும்போது பேச்சியம்மாவிடம், தீங்கு செய்தவர் நட்டஈடு கொடுக்கட்டும் எண்டு சொன்னன், செய்தவரும் பட்டவரும் ஒரே ஆள் எண்டால் என்ன செய்யிறது எண்டு என்ர புத்தகத்தில இல்லை என்றார். அதன் பிறகு மாதம் ஒருமுறை மேல்கணக்குக்கு ஏறி வருவதை அவர் விடவில்லை.

சில வருஷம் கழித்து, யுத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்திருந்தார். ஜெயகாந்தனும் வந்திருந்தார். பேச்சியம்மா அடுப்படியில். சின்னராசா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கோப்பையை இடுக்கித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு பழைய வழக்கப்படி அந்தக் கூட்டத்துக்குப் போயிற்று. நான் வாதாடி வெல்லாமல் இருந்திருக்கலாம் என்று மாஸ்டர் தொடங்க, சின்னராசா தலையை ஆட்டி நிறுத்தினார். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“சேர் மேல தப்பு இல்லீங்க. அன்னைக்கு நான் வந்ததே தொழில விடுறேன், வாச்சர் வேலை தாங்கன்னு கேக்கத்தான். சேர் எனக்காக அவ்வளவு பேசுறப்ப கேக்க வெக்கமா இருந்துச்சு. நான் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா இந்தக் கை கையா இருந்திருக்கும்.”

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். ஜெயகாந்தன், அன்னைக்கு நீ கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சின்னராசா, அந்த வேலைக்கு நான் யார் பேரையும் சொல்லியிருக்கலையே என்றார்.

அடுப்படியிலிருந்து பேச்சியம்மா வந்தாள். புருசனின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“நீங்க வாயத் தொறந்தீங்க. நான் வாசப்படியிலதான நின்னேன். வாச்சர் வேலை குடுத்தா போதும்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. சேரும் தலைவரும் பேசிக்கிட்டு இருந்தாங்க.”