காதுப் பரிசோதகர் கேட்ட அடையாளம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சத்தம் புகாத ஒரு சிறு அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, பத்தொன்பது வருடம் ஊரார் காதுகளைச் சோதித்தவர் அவர். உள்ளே இருப்பவர் காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே இவர் மேஜையில் விளக்கு எரியும். செவிடு என்று நடித்து வேலை மாற்றம் கேட்க வருகிறவர்களை நொடியில் பிடித்துவிடுவார். கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் 'மீட்டர்'. முள் அசைந்தால்தான் நம்புவாராம்.

அவருடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

மனைவி ஜெபம் விடாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயையும் மகளையும் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, இவர் ஸ்கூட்டரில் சாய்ந்து பேப்பர் படிப்பார்.

"உள்ள வந்து உக்காந்தாதான் என்ன? யாரும் உங்களைக் கடிச்சிட மாட்டாங்க" என்றாள் மனைவி ஒருநாள்.

"இவளுக்கு ஒரே ஒரு சத்தம் கேக்கட்டும். அன்னிக்கே முதல் பெஞ்சுல வந்து உக்கார்றேன்."

மகள் பக்கத்தில்தான் நின்றாள். காது கேளாதவள் முன்னால் வாயை அடக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் அவள் உதடு பார்த்தே பேச்சைப் படிப்பவள்.

வருடாவருடம் அவளைச் சோதிப்பார். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம் மாறியதே இல்லை. அவளுக்குப் பதினோரு வயதான வருடம், முதல் 'பீப்' அனுப்பியதும் விளக்கு எரிந்தது. சத்தத்தைக் குறைத்தார், எரிந்தது. இன்னும் குறைத்தார், எரிந்தது. மனைவிக்குப் போன் செய்ய எழுந்தவர், பாதியில் உட்கார்ந்தார். நல்ல காதுள்ளவருக்கே கேட்காத அளவு அது.

சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு, விசையை மட்டும் தட்டினார். விளக்கு எரிந்தது. ஐந்து முறை தட்டினார். ஐந்து முறையும் எரிந்தது. அவளுக்கு எதிரே மாட்டியிருந்த படத்தின் கண்ணாடியில், பின்னால் ஜன்னலுக்கு வெளியே அவருடைய தோள் அசைவது தெரிந்திருக்கிறது.

கதவைத் திறந்தார். "என்கிட்டயே நடிக்கிறியா?"

அவள் அதையும் படித்தாள். அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

வீட்டில் அம்மா துருவிக் கேட்டதும் நோட்டில் எழுதிக் கொடுத்தாள்: "எனக்குக் கேட்டா அப்பா நம்மகூட உள்ள வருவேன்னு சொன்னாங்க."

மனைவி நோட்டை அவர் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "நிஜமாவே கேட்டிருந்தா நம்பியிருப்பீங்களா? இல்ல, கருவி பழுதுன்னு சொல்லியிருப்பீங்களா?"

"தெரியல." அவர் நோட்டை மூடினார். "ஒன்பது வயசுல, அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, மூணு நாள் அவர் கட்டில் பக்கத்துல முட்டி போட்டு ஜெபிச்சேன். போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் கேட்டதெல்லாம் அத்தாட்சி இல்ல. அன்னிக்கு ஆண்டவர் ஏன் வரலைன்னுதான்."

பதினாலு வருடக் குடித்தனத்தில் அவள் அறியாத விஷயம் அது. அருகில் உட்கார்ந்தாள்.

"ஏன்னு எனக்கும் தெரியாதுங்க. அவரோட சொந்தப் பிள்ளை சிலுவையில கதறினப்பவும் வானத்துலருந்து பதில் வரல. அந்த வலி தெரிஞ்சவருங்கிறதாலதான் அவர்கிட்ட போறேன். இவ காதுக்காக மட்டும் போகல."

அவர் நோட்டை மறுபடி திறந்து அந்த வரியைப் படித்தார்.

அடுத்த ஞாயிறு உள்ளே போனார். கடைசிப் பெஞ்சு. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பேச வாயெடுத்தால் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளப் பழகியிருந்தாள். உதடு படிக்கிறவள் கண்ணைத் தாழ்த்தினால் கதவைச் சாத்தியது போலத்தான். அப்படியே இரண்டு வருடம் போனது. அவர் ஞாயிறுகளை விடவில்லை. நம்பிக்கை எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஜெபிக்கும்போது அடையாளம் கேட்பது மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது. வரைபடம் மாறவே இல்லை.

வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அவளை பஸ் ஏற்றிய அன்று, ஜன்னலுக்குக் கீழே நின்று, "அப்பாவ மன்னிச்சிடும்மா" என்றார். அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பார்த்தாளா, இல்லையா என்று தெரியவில்லை. பஸ் நகர்ந்தது. கூடவே நடந்துகொண்டு, உதடுகளை நன்றாக அசைத்து, இன்னொரு முறை சொன்னார்.