சம்மனசு மாமாவை இறக்கியது யார்

செய்தி வந்தபோது மகளுக்குக் காய்ச்சல் மருந்தை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. 'மேடைக் கிறுக்குகள்' வாட்ஸ்அப் குழுவில் குவைத்திலிருந்து பெனடிக்ட் அண்ணனின் குரல் வந்தது. "மக்களே, நம்ம சம்மனசு மாமா போயிட்டாவ. இப்பந்தான் மருமவ ஷீபா விளிச்சுச் சொன்னா." பின்னால் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு நின்றது.

அழவேண்டிய அந்த நேரத்தில் நான் ஜெர்லினின் முகத்தைத்தான் பார்த்தேன். சென்ற வாரம் நாலு வயது முடிந்த என் மகள் மருந்தை விழுங்கிவிட்டு, வாசலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காய்ச்சலுக்கும் மாமாவுக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். மாமாவின் ஞானஸ்நானப் பெயரை மட்டும் கடைசியில்தான் எழுதுவேன். அடக்க அறிவிப்புச் சுவரொட்டியில் அது பெரிதாகவே இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சும்மா சொல்லிவிட முடியாது.

அவரை அறியாதவர்களுக்கு: குளச்சலுக்கு அருகே எங்கள் கடற்கரை ஊரில், கோவில் திருவிழாவின் கடைசி நாள் இரவில் பாட்டு நாடகம் உண்டு. அரசியின் ஒரே மகள் அமலியை மரணச் சம்மனசு வந்து அழைத்துப்போகும் கதை. சம்மனசு என்றால் எங்கள் பக்கத்தில் தேவதூதர். அந்தச் சம்மனசாகப் பல ஆண்டுகள் நின்று பாடியவர் மாமா. பகலில் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. அதனால் அவர் கை எந்நேரமும் சில்லென்று இருக்கும். வெள்ளைத் துணியும் தகரச் சிறகும் கட்டி, அவர் மேடையின் இடப்பக்கம் வந்து நின்றால் கடலை விற்பவர்கூட வாயை மூடிக்கொள்வார். மெதுவாகத்தான் பாடுவார்.

*கரையில வள்ளம் நிக்குதடி*
*காத்தும் திரும்பிப் போகுதடி*
*கால்நனையாம ஏறிக்கோ*
*கண்ணு மகளே அமலி*

இதற்கு விளிப்பாட்டு என்று பெயர். பாட்டின் கடைசியில் நாடகத்துப் பிள்ளையின் பெயர்தான் வரவேண்டும். உயிரோடு நடமாடும் ஒரு பிள்ளையின் பெயரை அந்த இடத்தில் வைக்கவே கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. சம்மனசு வேடம் கட்டியவர் தானாக மேடையைவிட்டு இறங்கமாட்டார். அவர் மனைவி படிக்குக் கீழே நின்று, ஞானஸ்நானப் பெயர் சொல்லி விளித்து, இறங்கச் சொல்லவேண்டும். மனைவி இல்லாவிட்டால், அழைக்கப்பட்ட பிள்ளையின் தாய் விளிக்கவேண்டும். அவர் "ஓ, எறங்கியாச்சு" என்று சொல்லிக் காலைத் தரையில் வைத்த பிறகுதான் வேடம் கலையும். அதுவரை எந்தப் பிள்ளையையும் தொடமாட்டார். இறங்காத சம்மனசு, தான் விளித்த பிள்ளையின் வாசலில் போய் உட்காரும் என்று ஊரில் ஒரு பேச்சு.

ஐந்து வயதில் நான் அமலியாக நடித்தேன். நடித்தேன் என்பதைவிடத் தூங்கினேன் என்பதே சரி. சம்மனசு விளித்ததும் எழுந்து போகவேண்டிய நான், அரசியின் மடியில் நிஜமாகவே உறங்கிவிட்டேன். மாமா பாடினார், மறுபடியும் பாடினார், புதிதாகச் சரணங்கள் கட்டிப் பாடினார். அரசி வேடமிட்ட ஆல்பர்ட் அண்ணன் சேலைக்குள் கைவிட்டு என்னைக் கிள்ளினாராம். நான் அசையவில்லை. கீழே பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். இப்படி ஒரு நடிப்பை எந்தப் பிள்ளையும் நடித்ததில்லை என்று எங்கள் குழுவில் இன்றும் யாராவது எழுதுவார்கள்.

அன்று பிலோமி மாமி படிக்குக் கீழே நின்று விளித்தது எனக்கு அரைத்தூக்கத்தில் கேட்டது. மற்ற நாட்களில் மாமி கணவர் பெயரைச் சொல்லமாட்டார். கடைக்காரர் கேட்டால்கூட "எங்க வீட்டாளு" என்பார். மாமா பிற்காலத்தில் எங்களிடம் சொன்னார்: "வருசத்துல ஒரு நாளு எம்பேரு அவ வாயில வரும். அதைக் கேக்கத்தான் நான் இந்தத் தகரத்தைத் தூக்கிக் கெட்டுதேன்." அன்று இறங்கி வந்து அந்தக் குளிர்ந்த கையால் என் கையில் ஒரு கடலைமிட்டாயை வைத்தார்.

அடுத்த ஆண்டும் நான்தான் அமலி. அந்த முறை மாமி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். நாடகம் முடிந்தது, விளிக்க ஆளில்லை. முறைப்படி என் அம்மா விளிக்கவேண்டும். அம்மாவுக்கு அப்போது என் இப்போதைய வயதுகூட இருக்காது. ஊர் முழுக்கப் பார்த்து நிற்க, மூத்த ஆண் ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க நா எழவில்லை. அதைவிட, அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது என்று பிறகு சொன்னார். மாமா கோபப்படவில்லை. "பிள்ளையக் கொண்டு போ மக்கா. நான் இருந்துக்கிடுதேன்" என்று மேல்படியில் அமர்ந்துவிட்டார். அம்மாவின் தோளில் கிடந்தபடி நான் திரும்பிப் பார்த்தேன். விளக்கெல்லாம் அணைந்த மேடையில் சிறகோடு ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கையசைக்க உயர்த்திய கையை, பாதியிலேயே இறக்கிக்கொண்டது.

விடியற்காலை வலைக்குப் போனவர்கள் அந்த உருவத்தைப் பார்த்துவிட்டு, அன்று வள்ளம் இறக்காமலே வீடு திரும்பிவிட்டார்கள். யாரோ சொல்லியனுப்பி, முதல் பேருந்தில் மாமி நிறைவயிற்றோடு வந்து சேர்ந்தார். பெயர் சொல்லி இறக்கிய கையோடு, "பனியில இருந்து சாவப் பாத்தீராக்கும்" என்று ஏசவும் செய்தார். மாமா திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏட்டி, பஸ்ஸுல இருக்க எடம் கிட்டிச்சா?" என் அம்மா இன்றும் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமி இறந்தார். மாமா அதோடு வேடம் கட்டுவதை நிறுத்திவிட்டார். கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கே வந்து கேட்டபோது, "ஏறுகதுக்கு நான் ரெடி. எறக்குகதுக்கு ஆளு எங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம்.

பெனடிக்ட் அண்ணன் குழுவைத் தொடங்கியது அதன் பிறகுதான். குவைத், சார்ஜா, நாகர்கோவில், சுசீந்திரம் என்று சிதறிக் கிடக்கிற நாடகக் கிறுக்குகள் எல்லாரும் அதில் உண்டு. சிறந்த அரசி யார் என்று அங்கே மாதக்கணக்கில் அடிதடி நடந்திருக்கிறது. ஆல்பர்ட் அண்ணன் அழும்போது மூக்கை இடது கையால்தான் சிந்துவார், அரசி அப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்க, நீ எத்தனை அரசிகளுக்கு மூக்கு சிந்திவிட்டாய் என்று இன்னொருவர் எழுதினார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். எப்போதாவது குரல் அனுப்புவார். "என் பாட்டுக்கா சனம் வந்தது? ஆல்பர்ட்டு அழுகைக்கில்லா வந்தது" என்று ஒருமுறை சொன்னார். பெரிய கலைஞர் எவரும் இவ்வளவு எளிதாக இன்னொருவருக்கு இடம் விட்டு நான் பார்த்ததில்லை.

இந்த ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, பாட்டு போகவில்லை. தண்ணீர் என்று கேட்க வராது. ஆனால் வாயைத் திறந்தால் நாடகப் பாட்டின் அடிகள் முழுசாக வரும். சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டரே சொன்னதாக அவருடைய மருமகள் ஷீபா என்னிடம் சொன்னாள். ஷீபா குலசேகரத்துப் பெண், ரப்பர்த் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள். நாடகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சென்ற வாரம் ஜெர்லினின் பிறந்தநாள். படத்தைக் குழுவில் போட்டேன். வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஷீபா படத்தை மாமாவிடம் காட்டி, பிள்ளையை வாழ்த்தச் சொல்லியிருக்கிறாள். வாழ்த்த அவரிடம் சொல் ஏது? ஆயுள் முழுக்கப் பாடிய பாட்டுத்தான் வாயில் வந்தது. அதை அவள் பதிவு செய்து, இரண்டு இதயப் படங்களோடு அனுப்பிவிட்டாள்.

*கால்நனையாம ஏறிக்கோ*
*கண்ணு மகளே ஜெர்லின்.*

எப்போதும் இரைச்சலாக இருக்கும் குழுவில் அன்று ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஜெர்லினுக்கோ பாட்டில் தன் பெயர் வந்ததில் கொள்ளை மகிழ்ச்சி. நான் அழிப்பதற்குள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். வைரல்தான், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். சார்ஜாவிலிருந்து கணவரும் அதையேதான் சொன்னார். எம்.எஸ்ஸி. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். காய்ச்சல் விட்டது, வந்தது, விட்டது, வந்தது. அதற்குள் மாமா இறந்த செய்தி வந்துவிட்டது.

ஜெர்லினை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டு அடக்கத்துக்குப் போனேன். பெட்டியில் மாமா சவரம் செய்து, வெள்ளை வேட்டியில், சிறகில்லாமல் சிறுத்துக் கிடந்தார். அஞ்சலி செலுத்த வந்தவர்கள் என்னைக் கண்டதும் முதலில் கேட்டது பிள்ளையைத்தான். கல்லறைத் தோட்டத்தில் ஷீபா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, ஒங்க பிள்ளைக்குப் பாடி முடிச்சப்பம் மாமா ஒருபாடு அழுதாவ. சந்தோசத்துலன்னு நெனச்சேன். அதுக்குப் பெறவு கட்டில்ல இருந்து காலக் கீழ வைக்கவே இல்ல. பிடிச்சு எறக்கப் பாத்தா ரெண்டு காலையும் மேல இழுத்துக்கிடுவாவ. எம்பிள்ளைகூட பக்கத்துல போவப்பிடாது. கைய வீசி ஓட்டுவாவ. நோவு முத்திப்போச்சுன்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற ஆல்பர்ட் அண்ணனுக்கும் இது கேட்டது. பழைய அரசிக்கு இப்போது பல் இல்லை, பார்வையும் மங்கல். குழியில் மண் விழும் சத்தம் தொடங்கியிருந்தது.

"ஏட்டி," என்றார் ஷீபாவிடம், மிக மெதுவாக. "அவன எறக்காமலா பெட்டியில வச்சிய?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "இனி பிள்ளைக்க அம்மதான் விளிக்கணும்."

நான் குழியருகே போனேன். வாய் திறக்கவில்லை. என் அம்மாவுக்கு என்ன நேர்ந்ததோ அதுவே எனக்கும் நேர்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது ஜெர்லின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், உடம்பு கொதித்தது. எங்கள் வாசலுக்கு வெளியே மொட்டைமாடிக்குப் போகும் படி இருக்கிறது. "தாத்தா மேப்படியில இருக்காவ. வாங்கன்னா எறங்க மாட்டேங்காவ" என்றாள். குழுவின் பழைய குரல்பதிவுகளை நான் ஓடவிடும்போது எதையாவது கேட்டிருப்பாள். அப்படித்தான் இருக்கவேண்டும்.

குழுவினர் என்னை ஓர் அஞ்சலி எழுதச் சொன்னார்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமாகிவிட்டது. எழுதுகிறபோதுதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. பேச்சிழந்த அந்த மனிதர், தவறாக வந்துவிட்ட ஒரு பாட்டுக்காக, கடைசி மூச்சுவரை காலைத் தரையில் வைக்காமல் என் பிள்ளையைக் காத்திருக்கிறார். யாராவது வந்து பெயர் சொல்வார்கள் என்று காத்தும் இருந்திருக்கிறார். அவரைக் கண்டு இத்தனை நாளும் நான் பயந்திருக்கிறேன்.

இதோ, எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்ப் படிக்குக் கீழே நின்றேன். மேலே யாரும் இல்லை. கொடியில் கிடந்த துணிகள் மட்டும் லேசாக ஆடின. மாமி விளித்த அதே சொற்களில், சத்தமாகவே விளித்தேன்:

"மரிய சூசையே, ஆட்டம் முடிஞ்சு. எறங்கும்."

பதில் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். உள்ளே வந்தபோது ஜெர்லின் விழித்திருந்தாள். நெற்றி வேர்த்து, தலையணை நனைந்திருந்தது. தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "இப்பம் படியில ஆரும் இல்லம்மா" என்றாள். கட்டிலிலிருந்து பார்த்தால் படி தெரியாது.

போய்வாரும் மாமா. மாமி அங்கே உம்மைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், இனி திருவிழாவரை காத்திருக்கவேண்டாம். இவளுக்கென்று மடியில் கடலைமிட்டாய் வைத்திருந்தால் அது உம்மிடமே இருக்கட்டும். இவளுக்கு நானே வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.