சொட்ட வேண்டிய தண்ணீர்

ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் குழாய்க்காரரைத்தான் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றும் முன்பே எந்த மூலையில் சொட்டுகிறது என்று சொல்லிவிடுவார் மனுஷன். அப்பேர்ப்பட்டவருக்குத் தன் வீட்டுக் காரியம்தான் பிடிபடவில்லை. கணவன் இறந்துபோன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்த தங்கை, பின்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். தட்டில் வைத்ததைக் கொறிப்பாள். பேச்சு அறவே நின்றுவிட்டது.

முன்பெல்லாம் அவளும் புருஷனும் வாரம் தவறாமல் புத்த விகாரைக்குப் போய் அங்கிருக்கும் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவ அங்க போகமாட்டா. அந்தத் தோட்டத்தையே இங்க கொண்டுவந்துடறேன்" என்றார் குழாய்க்காரர் தன் மனைவியிடம்.

"உங்களுக்குக் குழாயை விட்டா என்ன தெரியும்?" என்று அவள் சிரித்தாள். ஆனால் மறுநாள் மண்வெட்டியோடு முதலில் இறங்கியவள் அவள்தான்.

ஜன்னலுக்கு நேர் எதிரே பழைய குழாய்களும் துருப்பிடித்த தொட்டியும் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு மணல் பரப்பி, பெரிய கற்களை உருட்டி வைத்தார்கள். விகாரையிலிருந்து பிக்கு ஒரு சின்னப் புத்தர் சிலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். துணியை விலக்கியதும் குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகல முகம்தான். அதில் இவ்வளவு அமைதி எங்கிருந்து வந்து தங்கியது? கையிலிருந்த ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"பக்கத்துல ஒரு கல்தொட்டி வைங்க. அதுல தண்ணி சொட்டணும்" என்றார் பிக்கு.

"சொட்டணுமா சாமி?"

"ஆமா. ஓட வேண்டாம், சொட்டினா போதும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வேண்டுமென்றே ஓர் ஒழுகலை உண்டாக்கினார். ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், வேறெதையோ யோசித்துக்கொண்டே குழாயை இறுக்கிவிடுவார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு போய்த் திறந்துவிடுவாள்.

மழைக்குப் பிறகு கல்லில் பாசி படர்ந்தது. எங்கிருந்தோ ஒரு குருவி வந்து தொட்டியில் குளித்துவிட்டுப் போயிற்று. இதையெல்லாம் யார் கூப்பிட்டார்கள் என்று அவர் வேலைக்குப் போகாமல்கூட நின்று பார்த்தார். ஜன்னல் மட்டும் திறக்கவேயில்லை. அதுதான் அவர் நெஞ்சை அரித்தது.

ஒரு நாள் மனைவி வெளியே போயிருந்தாள். மதியம் வந்தவர் வழக்கம்போலத் தன்னையறியாமல் குழாயை இறுக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நாலு வாய் உள்ளே போகவில்லை, பின்னறைத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. எழுந்துபோய்ப் பார்த்தார். வெளிச்சம் தாளாமல் கண்களைச் சுருக்கிக்கொண்டு, தங்கை வெறுங்காலோடு மணலில் நின்றாள். இரண்டு கையாலும் குழாயைத் திருகிப் பார்த்தாள். அது அண்ணன் இறுக்கிய இறுக்கு, அசையவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இத்தனை நாளும் அவள் இந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவருக்குப் புல்லரித்தது. மூச்சுவிடவும் பயமாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"திறந்துவிடுண்ணா. இது நின்னுபோனா எனக்கு என்னமோ பண்ணுது."

இடது கையால் திறந்தார். சொட்டு விழத் தொடங்கியதும் அவள் கல்லில் உட்கார்ந்து, சற்று நகர்ந்து இடம் விட்டாள். சோறு ஒட்டிய கையோடு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.