கவர் கிழிக்காத வண்டி

புதுக் காரின் கதவைத் திறந்தாலே பசையும் பிளாஸ்டிக்கும் கலந்த நெடி மண்டையைப் பிடிக்கிறது. விற்றவன் வாசனைக் குப்பி ஒன்றைத் தொங்கவிட்டான். நாற்றத்துக்கு மேல் இன்னொரு நாற்றம். பிடுங்கி எறிந்தேன். மனைவி ஏற மாட்டேன் என்கிறாள்.

இதே நெடிதான் சித்தூரில் நைனா வாங்கிய முதல் வேனிலும் அடித்தது. சீட்டோடு வந்த பிளாஸ்டிக் கவரை அவர் கிழிக்க விடவில்லை. கிழித்தால் வண்டி பழசாகிவிடுமாம். முதல் ஓட்டம் திருப்பதிக்கு என்று வண்டிக்கு மாலை போட்டுக் கிளப்பினார். அம்மா ஏறிய வேகத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள்.

“நான் பஸ்ல வரேன்.”

“சொந்த வண்டிய வெச்சிக்கினு பஸ்ல போவியா? ஊரே சிரிக்கும்டி.”

“சிரிச்சிக்கினு போவட்டும்.”

போயே விட்டாள். நைனா எங்களை ஏற்றிக்கொண்டு அந்த பஸ் பின்னாலேயே ஓட்டினார். சந்திரகிரியில் பஸ் நின்றதும் வேனை ஓரங்கட்டினார். கவர்களைக் கிழித்துப் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பஸ் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

“கிழிச்சிட்டேன். எறங்கி வா.”

அம்மா வேனைப் பார்த்தாள். “காத்தாடட்டும். திரும்பறப்ப பாக்கலாம்.”

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். நைனாவின் மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் வண்டி முழுக்க மணத்தது.

இப்போது என் புதுக் காரின் சீட்டுக் கவர்களை நானும் கிழித்தேன். நான்கு கதவுகளையும் திறந்து வைத்தேன்.

“எப்ப ஏறுவ?” என்று மனைவியிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.